கன்னத்துக்கு ஃபில்லரா, கொழுப்பா, இம்ப்ளாண்டா?

பிப்ரவரி 4

கேள்வி: நான் திருநங்கை. ஹார்மோன் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. நெற்றி, மூக்கு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கன்னத்தை மட்டும் எடுப்பாக்கினால் பெண் முகம் வந்துவிடும் என்று நினைக்கிறேன். ஊசியில் போடும் ஃபில்லர், நம் உடம்பிலிருந்தே எடுத்து வைக்கும் கொழுப்பு, எலும்புமேல் வைக்கும் இம்ப்ளாண்ட் என்று மூன்று வழி சொல்கிறார்கள். ஒரே தடவையில் முடிந்துவிடும் இம்ப்ளாண்ட்தானே நல்லது? அடிக்கடி ஊசிக்குப் போக எனக்குப் பொறுமை இல்லை. செய்துகொண்ட அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

நான் செய்துகொண்டவள். மூன்றில் இரண்டை என் முகத்திலேயே பார்த்துவிட்டேன். மூன்றாவதற்காக இரண்டு அறுவை மருத்துவர்களிடம் உட்கார்ந்து பேசிவிட்டு, வேண்டாம் என்று எழுந்து வந்தேன். ஐந்து மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் மற்றதெல்லாம் இரண்டாம்பட்சமாகிவிட்டது. இப்போது கன்னத்தில் கை வைக்காதீர்கள், தங்கச்சி. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

நானும் ஐந்தாவது மாதத்தில்தான் போனேன். கண்ணாடியில் முகம் நீளமாக, கன்னம் ஒட்டிப்போய்த் தெரிந்தது. பக்கத்துக்கு 2 மி.லி. ஹயலூரானிக் அமில ஃபில்லர் போட்டார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்து அழுதேன், சந்தோஷத்தில். அந்த அழுகையை இன்றும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன். முதல் தடவையாக என் முகம் எனக்கு நெருக்கமாக இருந்தது.

ஆனால் உடம்பு அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருந்தது. ஈஸ்ட்ரோஜன் எடுக்கும்போது கொழுப்பு இடம் மாறத் தொடங்குவதற்கே 3 முதல் 6 மாதம் ஆகும், முழுதாக மாற 2, 3 ஆண்டுகள் ஆகும் என்று ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டியின் 2017 வழிகாட்டியில் இருக்கிறது. கன்னமும் அதில் சேர்த்தி. ஒன்றரை ஆண்டு கழிந்தபோது எனக்குச் சொந்தக் கன்னம் வந்தது. ஏற்கெனவே போட்ட ஃபில்லருக்கு மேல் வந்தது. சும்மா இருக்கும்போது பெரிதாகத் தெரியாது. சிரித்தால் கன்னம் மேலே ஏறிக் கண்ணை மூடிவிடும். புகைப்படங்களில் நான் சிரிப்பதையே விட்டுவிட்டேன். கடைசியில் ஹயலூரானிடேஸ் ஊசி போட்டுக் கரைக்க வேண்டியதாயிற்று.

திருநர் உடல்நலத்துக்கான உலக மருத்துவ அமைப்பான டபிள்யூபாத் 2022-இல் வெளியிட்ட எட்டாவது பதிப்பு வழிகாட்டியிலும், ஹார்மோன் எடுப்பவர்கள் அறுவை சிகிச்சைக்கு முன் குறைந்தது 6 மாதமாவது எடுத்திருக்கலாம், வேண்டிய பலனுக்குத் தேவையென்றால் இன்னும் நீளலாம் என்றுதான் வருகிறது. அந்த 'இன்னும் நீளலாம்' கன்னத்துக்கு ரொம்பவே பொருந்தும். நெற்றி எலும்பை ஹார்மோன் மாற்றாது. கன்னத்துச் சதையை மாற்றும்.

பிப்ரவரி 6

"அப்படியென்றால் என் கன்னத்தில் குறை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கன்னம் என்று நாம் சொல்வதில் மூன்று அடுக்கு இருக்கிறது. அடியில் கன்ன எலும்பு. அதன்மேல் ஆழமான கொழுப்புப் பைகள். அதற்கும் மேல் தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு. எலும்பு தட்டையாக இருப்பவருக்கும், எலும்பு நன்றாக இருந்து சதை வற்றியவருக்கும் கண்ணாடி ஒரே முகத்தைத்தான் காட்டும். தீர்வு மட்டும் வேறு வேறு.

நேராகப் பார்க்காதீர்கள். பகல் நேரத்தில் ஜன்னல் பக்கத்தில் நின்று, முகத்தை முக்கால்வாசி திருப்பி, வேறொருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். புருவ ஓரத்தில் தொடங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் உள்வாங்கி, கன்னத்தில் வெளியே வளைந்து, வாய்ப்பக்கம் மறுபடி உள்ளே போகும் ஒரு கோடு தெரியும். மருத்துவர்கள் அதை ஓஜி வளைவு என்பார்கள். அந்த வளைவின் உச்சி எங்கே விழுகிறது என்று பாருங்கள். கண்ணின் வெளி ஓரத்திலிருந்து வாய் ஓரத்துக்கு ஒரு கோடு, மூக்கு மடலிலிருந்து காதுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டுக்கு ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்துக்கு மேலே, வெளிப்பக்கமாக உச்சி விழுந்தால் முகம் மேலே அகன்று கீழே குறுகித் தெரியும். பெண் முகம் என்று கண் பெரும்பாலும் படித்துக்கொள்வது அதைத்தான். ஹிண்டரர் என்ற மருத்துவரின் பெயரால் இந்தக் கோடுகளைச் சொல்கிறார்கள். என் மருத்துவர் கண் மை போன்ற ஒரு பென்சிலால் என் முகத்திலேயே வரைந்து காட்டினார். என் உச்சி சரியான இடத்தில்தான் இருந்தது. சதைதான் போதவில்லை. அப்படியென்றால் எனக்கு இம்ப்ளாண்ட் தேவையே இல்லை.

பிப்ரவரி 6, சிறிது நேரம் கழித்து

'பெண் முகம்' என்று மேலே நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். தட்டைக் கன்னத்தோடு பிறந்து வளர்ந்த பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கன்னம் ஒரு அடையாளம் மட்டும்தான், அதுவும் சின்ன அடையாளம். பார்ப்பவர் கண் முதலில் போவது பெரும்பாலும் புருவ மேடு, மூக்கு, தாடை என்ற இடங்களுக்கு. கன்னம் அவற்றுக்குப் பிறகுதான்.

பிப்ரவரி 9

இம்ப்ளாண்ட் பற்றி. ஒரே தடவையில் முடிகிறது என்பதுதான் உங்களை இழுக்கிறது. என்னையும் அதுதான் இழுத்தது.

மேலுதட்டுக்குள் ஈறுக்கு மேலே கீறி, கன்ன எலும்புமேல் பை போலப் பிரித்து, செய்து வைத்த வடிவத்தை உள்ளே வைப்பார்கள். வெளியே தழும்பு கிடையாது. பொதுவாகத் திட சிலிக்கான், அல்லது நுண்துளை உள்ள பாலிஎத்திலீன். சிலிக்கானைச் சுற்றி உடம்பு ஒரு உறை கட்டிக்கொள்ளும், வேண்டாமென்றால் எடுப்பது சுலபம். பாலிஎத்திலீனின் துளைகளுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அது நகராது, நல்லது. ஆனால் எடுக்க வேண்டி வந்தால் சதையோடு போராடித்தான் எடுக்க வேண்டும். நகராமலிருக்கச் சிறு திருகாணிகளும் போடுவதுண்டு.

கண்ணுக்குக் கீழே எலும்பில் ஒரு துளை வழியாக ஒரு நரம்பு வெளியே வருகிறது. மேலுதடு, மூக்கின் பக்கம், கன்னம் ஆகியவற்றுக்கு உணர்ச்சி கொடுப்பது அதுதான். வேலை நடப்பது அதற்கு ரொம்பப் பக்கத்தில். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் உதடு மரத்துப்போவது சாதாரணம். சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. வாய் வழியாக உள்ளே போவதால் கிருமித் தொற்றுக்கும் வழி உண்டு. தொற்று பிடித்தால் பல நேரம் இம்ப்ளாண்டை எடுத்தே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் உட்காராமல் போனால் சின்ன வித்தியாசமும் முகத்தில் பளிச்சென்று தெரியும். தோல் மெல்லியவர்களுக்கு வயது ஏற ஏற ஓரம் தட்டுப்படலாம்.

இத்தனையும் எழுதியதால் இம்ப்ளாண்ட் கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எலும்பே தட்டையாக இருப்பவருக்கு அதைப் போல வேலை செய்வது வேறில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா போட்டுப் பதினோரு ஆண்டு ஆகிறது, தொட்டால்கூட வித்தியாசம் தெரியாது. ஒருமுறை போட்டால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று நீங்கள் நினைப்பதைத்தான் தப்பு என்கிறேன். கன்ன எலும்பையே வெட்டி வெளிப்பக்கம் நகர்த்தும் முறையும் உண்டு. அதைச் செய்பவர்கள் குறைவு, எனக்கு நேரடியாகத் தெரிந்தவர்கள் யாரும் செய்துகொள்ளவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

ஃபில்லர் பற்றிச் சுருக்கமாக: 1 மி.லி. என்பது ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு கன்னத்துக்கும் சேர்த்து ஒரு சிரிஞ்ச் போட்டால் கண்ணாடியில் தேட வேண்டியிருக்கும். கன்னத்துக்கென்றே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முதன்முதலில் அனுமதி கொடுத்தது 2013-இல், ஜூவிடெர்ம் வோலூமாவுக்கு. அதன் பலன் 2 ஆண்டு வரை என்கிறார்கள். பிடித்திருந்தால் தொடரலாம், பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதில் ஒரு வரி ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. 'பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம்.' அவ்வளவு லேசாக எழுதியிருக்கக் கூடாது.

முதலாவது, கரையக்கூடியது ஹயலூரானிக் அமிலம் மட்டும்தான். கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட், பாலி எல் லாக்டிக் அமிலம் என்று வேறு ஊசிகளும் கன்னத்தில் போடுகிறார்கள். ரேடியஸ், ஸ்கல்ப்ட்ரா என்ற பெயர்களில் வருபவை அவை. அவற்றை ஹயலூரானிடேஸ் கரைக்காது. 'ஃபில்லர்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். எந்தப் பொருள் என்று கேட்டு, பெட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

இரண்டாவது, எனக்கு இரண்டு தடவை கரைக்க வேண்டியிருந்தது. ஊசி எரிந்தது, அடுத்த நாள் முகம் வீங்கியது, வீக்கம் வடிந்ததும் கன்னம் துவண்டு போய், பழைய முகத்தைவிட மோசமாகத் தெரிந்தது. சில வாரத்தில் சரியானது. அந்தச் சில வாரம் நான் வெளியே போகவில்லை.

மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது. ஃபில்லர் ரத்தக்குழாய்க்குள் போனால் அந்தப் பகுதித் தோலுக்கு ரத்தம் நின்றுவிடும். தோல் வெளுக்கும், அல்லது வலைப்பின்னல் மாதிரி நீலம் பாரிக்கும், வலி குறையாமல் ஏறும். முகத்து ரத்தக்குழாய்கள் கண்ணோடு இணைந்திருப்பதால் அபூர்வமாகப் பார்வையே போயிருக்கிறது. முதல் தடவை எனக்கு ஊசி போட்ட இடத்தில், இடது கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளுத்தது. 'ஐஸ் வைங்க, சரியாயிடும்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிர்ஷ்டவசமாக ஒரு மணி நேரத்தில் நிறம் திரும்பிவிட்டது. ஐஸ் ரத்தக்குழாயை இன்னும் சுருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று கேள்வி கேட்காமல் எழுந்து வந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

போகிற இடத்தில் ஹயலூரானிடேஸ் அந்த அறையிலேயே இருக்கிறதா, ராத்திரி பத்து மணிக்கு நிறம் மாறினால் யாரைக் கூப்பிட வேண்டும், இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். பார்வை மங்கினால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பிப்ரவரி 13

"தெரிந்த ஒருவர் வீட்டிலேயே சிலிக்கான் ஊசி போடுகிறார், நிரந்தரமாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். இம்ப்ளாண்டில் வரும் திட சிலிக்கானும் ஊசியில் ஏற்றும் திரவ சிலிக்கானும் ஒன்றல்ல. திரவம் ஓரிடத்தில் நிற்காது. கன்னத்தில் போட்டது தாடைக்கு இறங்கும், கட்டி கட்டியாகும், ஐந்து ஆண்டு கழித்துக்கூடச் சிவந்து வீங்கும். சதைக்குள் பரவிவிட்டதால் முழுதாக எடுக்க எந்த அறுவை சிகிச்சையாலும் முடியாது. ரத்தக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போய் உயிர் போனவர்களும் உண்டு. முகத்தையும் உடம்பையும் எடுப்பாக்க ஊசி சிலிக்கான் போடுவதை எதிர்த்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் பொது எச்சரிக்கையே விட்டது.

மருத்துவமனை வாசலில் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், அதனால்தான் நம்மவர்கள் அந்த வீடுகளுக்குப் போகிறார்கள். எனக்குத் தெரியும். நான் தங்கையாக நினைத்த ஒருத்தியின் இரண்டு கன்னமும் இப்போது கல் மாதிரி இருக்கிறது. போகிறாள் என்று எனக்கு முன்பே தெரியும், தடுக்கவில்லை. அவள் அனுமதித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

பிப்ரவரி 15

கன்னத்தை ஆண் முகம் போலக் காட்ட என்ன செய்யலாம் என்று கேட்ட திருநம்பித் தம்பிக்கு. உங்கள் கேள்வி நேர் எதிர்த்திசை. கன்னத்தில் முன்பக்கம் இருக்கும் சதை டெஸ்டோஸ்டிரோனில் மெதுவாகக் குறையும், அதற்கும் ஆண்டுக்கணக்கில் ஆகும். ஃபில்லர் போடுவதானால் முன்பக்கம் நிரப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கன்ன எலும்பின் வெளி ஓரத்திலும் தாடைக் கோணத்திலும் மோவாயிலும் போடுவதுதான் கோணம் கொடுக்கும். கன்னம் என்றதும் பழக்கத்தில் முன்பக்கம் உருண்டையாக நிரப்பிவிடும் கைகள் நிறைய இருக்கின்றன. எனக்கு அனுபவமில்லாத பக்கம், செய்துகொண்ட தம்பிகள் சேர்த்து எழுதட்டும்.

பிப்ரவரி 18

கொழுப்பு பற்றி எழுதுவதாகச் சொல்லி இழுத்துக்கொண்டே போகிறேன். என் இப்போதைய கன்னம் அதுதான். ஹார்மோன் தொடங்கி மூன்றரை ஆண்டு கழித்துச் செய்தேன்.

தொடையின் உட்புறத்திலிருந்து மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, சுத்தப்படுத்தி, கன்னத்தில் துளித்துளியாகப் பல அடுக்கில் வைத்தார்கள். ஒரே இடத்தில் கட்டியாக வைத்தால் நடுவில் இருக்கும் கொழுப்புக்கு ரத்தம் எட்டாமல் செத்துவிடும். சுற்றியுள்ள சதையிலிருந்து ரத்த ஓட்டம் பிடித்துக்கொண்ட துளி பிழைக்கும், மற்றதை உடம்பே கரைத்துவிடும். அதனால் கொஞ்சம் அதிகமாகவே வைப்பார்கள். பாதி நின்றால் சந்தோஷப்படுங்கள் என்று என் மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார்.

வலி கன்னத்தில் இல்லை, தொடையில். இரண்டு வாரம் ரத்தக்கட்டு, உட்கார எழ முடியவில்லை. முகம் முதல் வாரத்தில் பூசணிக்காய். மூன்றாவது வாரத்தில் 'பெரிதாகப் போய்விட்டது, கெடுத்துக்கொண்டேன்' என்று நினைத்தேன். மூன்றாவது மாதத்தில் 'எல்லாம் போய்விட்டது, ஏமாந்தேன்' என்று நினைத்தேன். ஆறாவது மாதத்தில் கன்னம் கன்னமாக இருந்தது. இந்த மூன்று மனநிலையும் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் எத்தனையோ ராத்திரிகள் தூங்கியிருப்பேன். அதற்காகவே இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னொன்று. தொடையிலிருந்து வந்த கொழுப்பு கன்னத்திலும் தொடைக் கொழுப்பாகவே நடந்துகொள்ளும். போன ஆண்டு காய்ச்சலில் படுத்து ஆறு கிலோ இறங்கினேன், கன்னமும் இறங்கியது. எடை திரும்பியபோது கன்னமும் திரும்பியது. எடை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் செய்யாதீர்கள். புகைபிடிப்பவர்கள் மருத்துவர் சொல்லும் காலத்துக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும், ரத்தம் எட்டாத கொழுப்பு நிற்காது. ஹார்மோன் மாத்திரையை அறுவைக்கு முன் நிறுத்துவதா வேண்டாமா என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மயக்க மருந்து கொடுப்பவரும் ஹார்மோன் எழுதித் தருபவரும் பேசிச் சொல்லட்டும்.

பிப்ரவரி 22

கன்ன உட்கொழுப்பை எடுத்துவிட்டால் கன்ன எலும்பு எடுப்பாகத் தெரியுமே என்று கேட்டவருக்கு: தெரியும், இருபத்தைந்து வயதில். வயது ஏற ஏற முகம் தானாகவே சதை இழக்கும். அப்போது எடுத்த இடம் குழி விழும். நிரப்புவதற்கு வழி தேடிக்கொண்டு இங்கே வந்திருக்கிறோம், இருப்பதை எடுத்துவிட்டு மறுபடி நிரப்பவா?

மார்ச் 2

தங்கச்சி மருத்துவரைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். "நெற்றியை முதலில் பார்க்கலாம், கன்னம் கடைசியில் என்றார். ஏமாற்றமாக இருக்கிறது."

நல்ல மருத்துவர். 1980-களில் சான்ஃபிரான்சிஸ்கோவில் டக்ளஸ் ஆஸ்டர்ஹவுட் என்ற அறுவை மருத்துவர் முகத்தைப் பெண்மையாக்கும் இந்தத் துறையைத் தொடங்கியபோது மண்டையோடுகளை அளந்து பார்த்துத்தான் ஆண், பெண் முக வேறுபாட்டைப் புரிந்துகொண்டார். அவர் அதிகம் உழைத்தது நெற்றியிலும் தாடையிலும். புருவ மேடு குறைந்தால் கண் திறந்துகொள்ளும், தாடை குறுகினால் கன்னம் தானாகவே அகலமாகத் தெரியும். கன்னத்தை முதலில் நிரப்பிவிட்டுத் தாடையைக் குறைத்தால் முகத்தின் மேல்பாதி கனத்துப்போகும்.

ஏமாற்றமாக இருக்கிறது என்ற வார்த்தையைத் தாண்டிப் போக முடியவில்லை. 'காத்திரு' என்று சொல்வது இன்று எனக்குச் சுலபம். கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்த நாட்கள் எனக்கும் இருந்தன. ஐந்தாவது மாதத்தில் யாராவது என்னிடம் காத்திரு என்றிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அதனால் முதல் நாள் ராத்திரி நான் எழுதியதை இப்படி மாற்றிக்கொள்கிறேன். ஐந்து மாத ஹார்மோனில், நிரந்தரமானது எதையும் கன்னத்தில் வைக்காதீர்கள். தாங்கவே முடியவில்லையென்றால், ரத்தக்குழாய் அடைப்பைச் சமாளிக்கத் தெரிந்த ஒருவரிடம், ஹயலூரானிக் அமிலம் மட்டும், பக்கத்துக்கு அரை மி.லி. அளவில் போட்டுப் பாருங்கள். அதிகமாக வேண்டாம். நான் போட்டதில் கால் பங்கு அது. பத்து ஆண்டாக ஹார்மோன் எடுப்பவர்களுக்கும், உடல்நிலையால் ஹார்மோனே எடுக்க முடியாதவர்களுக்கும் நான் சொன்ன காத்திருப்புக் கணக்கு பொருந்தாது. அவர்கள் கன்னம் ஏற்கெனவே நிலையாகிவிட்டது.

மார்ச் 3

விட்டுப்போனது. ஃபில்லர் போட்டு இரண்டு வாரத்துக்குப் பல் சிகிச்சை வேண்டாம், முன்னாலும் அப்படியே இடைவெளி விடுங்கள். பல் வேலையில் கிருமி ரத்தத்தில் கலந்து ஃபில்லரில் போய் உட்கார வாய்ப்பு உண்டு. ஃபில்லரின் பலன் 2 ஆண்டு வரை என்று நான் எழுதியதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கும் பல ஆண்டு கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில் ஹயலூரானிக் ஃபில்லர் மிச்சம் இருந்திருக்கிறது. கண்ணுக்குக் குறைந்தது போலத் தெரிவதால் மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் முகம் உப்பிப்போவது இதனால்தான்.

மார்ச் 21

தங்கச்சி படங்கள் அனுப்பியிருக்கிறார். பிப்ரவரியில் ஒன்று, இந்த வாரம் ஒன்று, இரண்டும் ஜன்னல் பக்கத்தில், முக்கால்வாசி திருப்பத்தில். "கன்னத்தில் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் இரண்டிலும் புருவத்துக்குக் கீழே விழும் நிழலைப் பார்த்தேன். இத்தனை நாள் கன்னம் கன்னம் என்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று புரிகிறது" என்கிறார். ஃபில்லர் வேண்டாம், நெற்றிக்கு இரண்டாவது மருத்துவரிடமும் கருத்துக் கேட்கப் போகிறாராம்.

போங்கள். கன்னத்துக்கான படத்தையும் நிறுத்தாதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். ஜூனில் எடுக்கும்போது முடியைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு படத்திலும் இடது கன்ன ஓரத்தை முடி மறைத்திருக்கிறது.